ரசீது கொடுத்த மனிதர்: ஜார்ஜ் முல்லர் (1805 – 1898)



ஒவ்வொரு இதழிலும் ஒருவர் வாழ்க்கையைப் பற்றி எழுதி வருகிறோம். இது டிசம்பர் இதழ். கிறிஸ்துமஸை ஒட்டி ஒரு கிறிஸ்தவப் பெரியவரைப் பற்றி எழுதலாமே என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்கள். நான் கிறிஸ்தவன் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், நம் சங்கத்துக்கு மூன்று வருடம் பொருளாளராக இருந்தவன். அந்த மூன்று வருடத்தில் ஒருநாள், கணக்குப் புத்தகமும் கையுமாகத் தலையைப் பிடித்துக்கொண்டு அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு அம்மா ஒரு பழைய புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கை. பக்திப் புத்தகம் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பாதிக்கு மேல் வரவு செலவு!

முல்லரைப் பற்றி ஞாயிறு பள்ளிக்குப் போனவர்கள் எல்லாரும் கேட்டிருக்கக்கூடிய ஒரு கதை உண்டு. அநாதை இல்லத்தில் காலை உணவுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளை மேசையில் உட்கார வைத்து நன்றி சொல்லி ஜெபிக்கிறார். கதவைத் தட்டி ரொட்டிக்காரர் வருகிறார், பின்னாலேயே வண்டி உடைந்துபோன பால்காரர் வருகிறார். நல்ல கதை. அதை இதோடு விட்டுவிடுகிறேன். முல்லர் தாமே தேதி போட்டு, தொகை போட்டு எழுதி வைத்தவையே எனக்கு அதைவிடப் பிடித்திருக்கின்றன.

முல்லர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. ஜெர்மனியின் பிரஷ்யா நாட்டில், குரோப்பென்ஷ்டெட் என்ற ஊரில், 1805 செப்டம்பர் 27 அன்று. அப்பா அரசாங்கத்தில் வரி வசூலிக்கும் அதிகாரி. பணத்தைக் கையாளப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். எனவே வயதுக்கு மீறிய பணத்தைப் பையன்கள் கையில் கொடுத்து, செலவழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி, அவ்வப்போது கணக்குக் கேட்பார். பையன் கணக்கைப் பழகினான், பொய்க் கணக்கை. வாங்கியதைக் குறைத்துச் சொல்வது, இருப்பைத் தவறாகக் காட்டுவது. பத்து வயது ஆவதற்குள் அப்பா வசூலித்து வைத்த அரசாங்கப் பணத்திலேயே கை வைக்கத் தொடங்கிவிட்டான். தொகை அடிக்கடி குறைவதைப் பார்த்த அப்பா, ஒருநாள் எண்ணிய பணத்தை அறையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எண்ணினால் குறைகிறது. பையனைச் சோதித்தபோது காசு செருப்புக்குள், பாதத்துக்கு அடியில் இருந்தது.

வளர்ந்தும் மாறவில்லை. பதினாறு வயதில் ஊர் ஊராகப் போய் நல்ல நல்ல விடுதியில் தங்கி, பணம் கொடுக்காமல் நழுவப் பார்த்து, வொல்ஃபென்பியூட்டல் என்ற ஊரில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். 1821 டிசம்பரிலிருந்து மறு ஜனவரி வரை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் அவருக்குச் சிறையில்தான். அப்பா பணம் அனுப்பிப் பாக்கியைத் தீர்த்த பிறகே வெளியே வந்தார்.

பிறகு நார்ட்ஹௌசன் ஊர்ப் பள்ளியில் படிக்கும்போது நடந்தது இதைவிடச் சுவாரசியம். தலைக்கு மேல் கடன். அப்பா அனுப்பிய பணத்தை வேண்டுமென்றே நண்பர்கள் பார்க்கும்படி எடுத்துக் காட்டிவிட்டு, பிறகு தன் பெட்டியின் பூட்டைத் தானே உடைத்து, கிடார் உறையையும் நெம்பித் திறந்து வைத்து, சட்டை கூடச் சரியாகப் போடாமல் தலைமையாசிரியர் அறைக்கு ஓடித் திருட்டுப் போய்விட்டது என்று அலறினார். எல்லாரும் பரிதாபப்பட்டுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். கடன்காரர்களும் தவணை கொடுத்தார்கள்.

ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்தது இறையியல்! 1825 கோடையில் நண்பர்களோடு சுவிட்சர்லாந்துக்கு ஒரு சுற்றுலா. புத்தகங்களை அடகு வைத்து, பெற்றோர் எழுதியதுபோலப் பொய்க் கடிதம் தயாரித்துப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். 43 நாள் பயணம். பொதுப் பணப்பை முல்லர் கையில். ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது, மற்றவர்களுக்கு ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்குதான் முல்லருக்கு ஆகியிருந்தது. மீதியை நண்பர்கள் தலையில் கட்டிவிட்டார், அவர்களுக்குத் தெரியாமலே. இயேசுவின் சீடர்களுக்குள் பணப்பையை வைத்திருந்து திருடிய யூதாசோடு தன்னை ஒப்பிட்டுப் பின்னாளில் இதை அவரே எழுதி அச்சிட்டார். நமக்குத் தெரிவதற்குக் காரணம் அதுதான், யாரும் துப்பறிந்து கண்டுபிடித்ததல்ல.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் பொருளாளர் காலத்தில், இரண்டாம் வருடம், சில்லறைச் செலவுக் கணக்கில் ரூ. 1,240 குறைந்தது. நான் எடுக்கவில்லை. எங்கே போனது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். குறைகிறது என்று கமிட்டியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ‘இதர தோட்டச் செலவு’ என்று ஒரு வவுச்சர் எழுதிச் சேர்த்தேன். ஆடிட்டரும் கேட்கவில்லை. போன மாதம் அந்தத் தொகையைச் சங்கத்தில் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். செயலாளருக்குக் கடிதமும் கொடுத்திருக்கிறேன். முல்லருக்குத் திரும்புவோம்.

1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒரு நண்பர் தாம் போய்வரும் ஜெபக் கூட்டத்துக்கு முல்லரையும் அழைத்துப் போனார். ஒரு வியாபாரியின் வீடு. பாட்டு, வேத வாசிப்பு, பிரசங்கப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி. அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபித்தார். இறையியல் மாணவரான முல்லர் தம் வாழ்நாளில் அதற்கு முன் ஒருவர் மண்டியிட்டு ஜெபித்துப் பார்த்ததில்லை. அன்று இரவு படுக்கும்போது மனது அமைதியாக இருந்தது என்கிறார். தம் வாழ்க்கை திரும்பியது அந்த மாலையில்தான் என்று கடைசிவரை சொன்னார்.

மிஷனரியாகப் போகிறேன் என்றார். அப்பாவுக்குக் கடும் கோபம். மகன் வசதியான பங்கில் போதகராக இருப்பான், தானும் கடைசிக் காலத்தை அந்த வீட்டில் கழிக்கலாம் என்பது அவர் கணக்கு. அப்பாவின் ஆசையை நிறைவேற்றாமல் அவர் பணத்தை வாங்குவது சரியல்ல என்று முல்லர் அதோடு நிறுத்திக்கொண்டார். செருப்புக்குள் காசை ஒளித்த பையன் தானாகவே வேண்டாம் என்று விட்ட முதல் பணம் அது. ஹாலேக்கு வந்திருந்த அமெரிக்கப் பேராசிரியர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் படிப்பைத் தொடர்ந்தார். கொஞ்ச காலம் பிராங்கே என்ற போதகர் நூற்றுமுப்பது வருடத்துக்கு முன் நிறுவிய அநாதை இல்லத்தின் இலவச அறையில் தங்கினார். இந்த ஹாலே நமக்குப் புதிய ஊர் அல்ல. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்குவுக்குப் பின்பலமாக இருந்தது ஹாலேதான். அவர் அச்சகத்துக்கு 1713-ல் வந்து சேர்ந்த தமிழ் எழுத்துகளை வார்த்துக் கொடுத்ததும் அந்த ஊர்தான்.

1829-ல் யூதர்களிடையே ஊழியம் செய்யும் ஒரு சங்கத்தில் பயிற்சி பெற லண்டன் வந்தார். அங்கே அவர் காதில் விழுந்த ஒரு செய்தி அவரை உலுக்கியது. எக்ஸிடர் நகரில் ஆண்டுக்கு 1,500 பவுண்டு சம்பாதித்துக்கொண்டிருந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் வைத்தியர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாக்தாதுக்கு ஊழியத்துக்குக் கிளம்பிவிட்டார் என்பதே அது. மறு வருடம் குரோவ்ஸின் தங்கை மேரியையே முல்லர் மணந்தார். குரோவ்ஸ் பிறகு இந்தியா வந்தார். சம்பளம் என்று ஒன்றை நிர்ணயிக்காமல் ஊழியம் செய்யும் அந்த வழியை அவரிடம் கற்றுக்கொண்டு திருநெல்வேலி, மதுரைப் பக்கம் நடத்திக் காட்டியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். நம் ஊர்க்காரர்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டெயின்மத் என்ற சிற்றூர். அங்கே ஒரு சிறு சபைக்கு முல்லர் போதகரானார். ஆண்டுச் சம்பளம் 55 பவுண்டு. அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்றால், ஆலய இருக்கைகளின் வாடகையிலிருந்து. முன்வரிசை நல்ல இருக்கைக்கு அதிக வாடகை, பின்னால் மூலையில் இருப்பதற்குக் குறைவு. காசுள்ளவர் முன்னால், இல்லாதவர் தூணுக்குப் பின்னால். கடவுள் வீட்டில் இது ஆகாது என்று 1830 அக்டோபரில் இருக்கை வாடகையை ஒழித்தார். அதோடு தம் சம்பளத்தையும் விட்டார். வாடகை இல்லையென்றால் சம்பளமும் இல்லை என்பதோடு, கொடுக்க மனமில்லாதவர் தவணை தேதிக்காகக் கொடுக்கும் பணம் தமக்கு வேண்டாம் என்றார். ஆலயத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். விரும்பியவர் விரும்பியதைப் போடலாம். யார் போட்டது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

திருமணமாகிச் சில வாரங்களே ஆன பெண்ணிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேரியும் முழு மனதோடு சம்மதித்தார். வீட்டில் இருந்ததை விற்று ஏழைகளுக்குக் கொடுப்பது, சேர்த்து வைக்காமல் இருப்பது, கடன் வாங்காமல் இருப்பது, தேவையை மனிதர் யாரிடமும் சொல்லாமல் கடவுளிடம் மட்டும் சொல்வது: இந்த நான்கும் அன்றைக்கு இருவரும் எடுத்த முடிவுகள்.

நவம்பரில் வீட்டில் எட்டு ஷில்லிங் மட்டுமே மிச்சமிருந்தது. காலையில் இருவரும் ஜெபித்தார்கள். சில மணி நேரம் கழித்துப் பக்கத்து ஊரில் சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி முல்லரைப் பார்த்து, பணம் ஏதும் தேவையா என்று நேராகவே கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொன்னால் முடிவு முறிந்தது, இல்லை என்றால் பொய். சம்பளத்தை விட்டபோது, இனி என் தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வேன் என்று சபையாரிடம் சொன்னதை நினைவுபடுத்தினார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா, உங்களுக்குக் கொடுக்கும்படி அவர்தான் எனக்குச் சொன்னார் என்று இரண்டு கினி கொடுத்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். 1831-ம் ஆண்டு முழுவதும் பெட்டியிலும் கையிலுமாக வந்ததைக் கூட்டிப் பார்த்தபோது 130 பவுண்டுக்கு மேல் இருந்தது. விட்ட சம்பளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

சம்பளத்தை விட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று இதைப் படிப்பது தவறு. பெட்டியைத் திறக்கும் பொறுப்பில் இருந்தவர் பல வாரங்களுக்கு ஒருமுறைதான் திறப்பார். வீட்டில் ஒன்றுமில்லாதபோது, ஆலயத்தில் பெட்டி நிறைந்து பூட்டிக் கிடக்கும். திறக்கச் சொல்லிக் கேட்பதும் கேட்பதுதானே என்று முல்லர் வாய் திறக்கவில்லை.

1832 மே மாதம் நண்பர் ஹென்றி கிரெய்க்கோடு பிரிஸ்டல் நகருக்கு வந்தார். பெரிய துறைமுக ஊர். அந்த வருடமே காலரா வந்து பலரைக் கொண்டுபோயிற்று. தெருவில் திரியும் பெற்றோரில்லாத பிள்ளைகள் ஏராளம். அன்றைய இங்கிலாந்தில் அவர்களுக்கு இருந்த போக்கிடம் பெரும்பாலும் ஏழை விடுதியே. 1835 நவம்பரில், தாம் தங்கியிருந்த ஹாலே இல்லத்தை நிறுவிய பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததும், இங்கேயும் ஒரு அநாதை இல்லம் என்று முடிவு செய்தார். காரணத்தை ஒளிக்கவில்லை. பிள்ளைகளுக்கு உதவுவது ஒன்று. அதைவிட முக்கியமாக, யாரிடமும் கேட்காமல், கடன் வாங்காமல், ஜெபத்தை மட்டும் நம்பி ஒரு காரியம் நடக்கும் என்பதை ஊர் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். கடவுள் நம்பிக்கைக்குக் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியாக வைக்க நினைத்தவர் அவர்.

முதலில் வந்த நன்கொடைகளில் ஒன்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்யும் ஒரு பெண். நோயாளி, வாரத்துக்குச் சில ஷில்லிங் சம்பாதிப்பவர். அவர் 100 பவுண்டு அனுப்பினார். முல்லர் மகிழவில்லை, பயந்தார். கூப்பிட்டு விசாரித்தார். அந்தப் பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் 480 பவுண்டு வந்திருந்தது. குடிகாரரான அப்பா கடன் வைத்துவிட்டு இறந்திருந்தார். கூடப் பிறந்தவர்கள் கடன்காரர்களிடம் பேசிப் பவுண்டுக்கு ஐந்து ஷில்லிங், அதாவது நாலில் ஒரு பங்கு, கொடுத்துத் தீர்த்துவிட்டார்கள். சட்டப்படி அதோடு சரி. இந்தப் பெண் மட்டும், குடிகாரரானாலும் அப்பா அப்பாதானே என்று, மீதிப் பதினைந்து ஷில்லிங்கையும் யாருக்கும் தெரியாமல் கொடுத்து முடித்தார். பிறந்தவர்கள் அம்மாவுக்கு ஆளுக்கு 50 பவுண்டு கொடுத்தார்கள் என்று இவர் 100 கொடுத்தார். அதற்குப் பிறகே பிள்ளைகளுக்கு இந்த 100. யோசித்துச் செய், பின்னால் வருந்துவாய் என்று முல்லர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மறுத்துவிட்டார். ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கூடவே 5 பவுண்டும் வைத்தார். சில ஆண்டுகளில் அந்தப் பணம் முழுக்கத் தீர்ந்து, உடம்பும் தளர்ந்து, பழையபடி ஊசியும் நூலுமாக வாழ்ந்து இறந்தார். கொடுத்ததற்காக ஒருநாளும் வருந்தவில்லை என்று முல்லர் பதிவு செய்கிறார். அந்தப் பெண்ணின் பெயரைத் தம் குறிப்புகளில் அவர் வெளியிடவில்லை. முதல் எழுத்துகள் மட்டும்தான். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையே அவரைப் பற்றியதாக இருந்திருக்கலாம்.

பணம் வந்தது, வீடு கிடைத்தது, தட்டுமுட்டுச் சாமான் வந்தது, வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். 1836 பிப்ரவரியில் ஒருநாள், பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்குவதாக அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவர் கூட வரவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு உறைத்தது: எல்லாவற்றுக்கும் ஜெபித்தோம், பிள்ளைகள் வர வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கவில்லையே! மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் வில்சன் தெரு 6-ம் எண் வீட்டில் பெண் பிள்ளைகள் குடியேறினார்கள். அதே தெருவில் இன்னும் வீடுகள் சேர்ந்தன.

1838-லிருந்து சில ஆண்டுகள் மிகவும் இறுக்கமானவை. ஏறக்குறைய நூறு பிள்ளைகள், கையில் ஒரு பென்னி இல்லாத காலைகள். முன்பெல்லாம் ரொட்டிக்கும் பாலுக்கும் வாரக் கடைசியில் பணம் கொடுப்பது வழக்கம். நம் வீடுகளில் பால்காரருக்கு மாதக் கடைசியில் கொடுப்பதுபோல. வாரக் கடைசியில் பணம் இருக்குமா என்று தெரியாதபோது இதுவும் கடன்தான் என்று அதையும் நிறுத்தினார். அன்றன்றைக்குக் கையில் காசிருந்தால் வாங்குவது, இல்லையென்றால் வாங்குவதில்லை. வேலை செய்தவர்களுக்கு மட்டும் நிலைமை தெரியும். அவர்கள் தங்கள் சொந்தக் காசைப் போட்டார்கள். வெளியே மூச்சு விடவில்லை.

1838 செப்டம்பர் 18 அன்று உண்மையிலேயே ஒன்றுமில்லை. அன்று ஒரு பெண்மணி வந்து, லண்டன் பக்கமிருந்து மகள் கொடுத்தனுப்பியது என்று 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்தார். விசாரித்தால், அவர் ஊருக்கு வந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது. தங்கியிருந்தது ஆண் பிள்ளைகள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில்! இவர்கள் காசில்லாமல் தவித்த அத்தனை நாளும் பணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. முல்லருக்கு அதில் எரிச்சல் வரவில்லை. உதவும் எண்ணம் முதலிலிருந்தே கடவுளுக்கு இருந்திருக்கிறது, கடைசி மணிவரை நம்மை ஜெபிக்க வைத்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அந்த மனது கிடையாது.

1841 டிசம்பரில் ஆண்டுக் கூட்டம் நடத்தி அறிக்கை வாசிக்க வேண்டும். ஆனால் அப்போது கடும் தட்டுப்பாடு. இந்த நிலையில் வரவு செலவை வாசித்தால் மறைமுகமாகக் கை நீட்டியதுபோல ஆகிவிடும் என்று கூட்டத்தைச் சில மாதம் தள்ளிவைத்தார். இருப்பு குறையும்போதெல்லாம் சுற்றறிக்கை அனுப்பிப் பழகிய எனக்கு இது விளங்கவே சில நாள் ஆயிற்று. அறிக்கையை அச்சிட்டு விற்றதே ஒரு விளம்பரம்தானே, கேட்காமல் கேட்பதுதானே என்று அன்றைக்கே குறை சொன்னவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் அறிக்கை இல்லாவிட்டால் வந்த பணம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, அவர் கணக்குக் காட்டுவதைத் தேர்ந்தெடுத்தார். கொடுத்த ஒவ்வொருவருக்கும் ரசீது. பெயர் சொல்லாமல் அனுப்பியவரும் சரிபார்த்துக்கொள்ளத் தொகையையும் பொருளையும் அறிக்கையில் அச்சிடுவார். பழைய மோதிரம், துணி, சில பென்னிக் காசு எல்லாம் வரிசையாக இருக்கும். பெருந்தொகை கொடுத்தவரும் ஒரு வரிதான், சில்லறை கொடுத்தவரும் ஒரு வரிதான்.

வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவரும் அல்ல. கடன் வைத்திருப்பவர் நன்கொடை தரக்கூடாது, அது கடன்காரருடைய பணம் என்பார். திருப்பி அனுப்பியதும் உண்டு. பிற்காலத்தில் ஒருவர், உங்கள் முதுமைக்கும் குடும்பத்துக்கும் ஒரு நிதி தொடங்குங்கள் என்று 100 பவுண்டு அனுப்பினார். முல்லர் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அந்த மனிதர் மனம் கோணாமல் அதே தொகையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். கார்பஸ் ஃபண்ட் இல்லாமல் ஒரு நிறுவனத்தை நடத்துவதை நான் நம் சங்கத்துக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். லிஃப்டுக்கு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறவரிடம் போய் ஜெபத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அவர் அலட்சியத்தால் அப்படி நடத்தவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது நமக்கு நெருக்கமான விஷயம். 1845 அக்டோபரில் வில்சன் தெருக்காரர் ஒருவர் முல்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான். பிள்ளைகள் விளையாடும் சத்தம் தாங்க முடியவில்லை, இத்தனை பேரால் தெருவின் சாக்கடையும் தாங்கவில்லை, அக்கம்பக்கத்தாருக்குச் சிரமம் என்று. நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருவதேதான்! முல்லர் என்ன பதில் சொல்லியிருக்கலாம்? அநாதைப் பிள்ளைகள், தர்ம காரியம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், ஊரும் அவர் பக்கம்தான் நின்றிருக்கும். அவரோ கடிதத்தை வைத்துக்கொண்டு, இரு பக்க நியாயங்களையும் தாளில் எழுதிப் பார்த்தார். அண்டை வீட்டாரின் குறை நியாயம் என்று ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்கும் ஓடியாட இடமில்லை, பையன்கள் தோட்ட வேலை கற்க நிலமில்லை, துணி துவைத்து உலர்த்தவும் வசதியில்லை. ஊருக்கு வெளியே சொந்தக் கட்டடம் கட்டிப் போவதே சரி என்று முடிவு செய்தார். கையில் பணம் இல்லை. டிசம்பர் 10 அன்று முதல் நன்கொடை வந்தது: 1,000 பவுண்டு.

பிரிஸ்டலை ஒட்டிய ஆஷ்லி டவுன் மேட்டில் ஏறக்குறைய ஏழு ஏக்கர். ஏக்கருக்கு 200 பவுண்டு கேட்டிருந்த நிலத்துக்காரர், ஓர் இரவு மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை தூக்கம் பிடிக்காமல் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, காலையில் 120 போதும் என்றார். நிலத்தை முல்லர் தம் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை, அறங்காவலர்கள் பெயரில் எழுதினார். கட்டடத்துக்கு வேண்டிய பணம் கைக்கு வந்த பிறகே வேலையை ஆரம்பிப்பது என்று உறுதியாக இருந்தார். அதனால் 1847 ஜூலைவரை ஒரு செங்கல் கூட வைக்கவில்லை. 1849 ஜூனில் 300 பிள்ளைகளுக்கான முதல் இல்லம் திறந்தது. எல்லாருக்கும் பாக்கி தீர்த்த பிறகு 700 பவுண்டுக்கு மேல் மிச்சம். 1857-ல் இரண்டாவது, 1862-ல் மூன்றாவது, 1868-ல் நான்காவது, 1870-ல் ஐந்தாவது இல்லம். ஒரே நேரத்தில் 2,050 பிள்ளைகள் தங்கக்கூடிய இடமாயிற்று. கட்டடங்களுக்கு மட்டும் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல், ஒரு பைசா கடனில்லாமல்.

குறை இல்லாமல் இல்லை. தாயும் தந்தையும் இருவருமே இறந்த, முறையாகத் திருமணமானவர்களின் பிள்ளைகளை மட்டுமே சேர்த்தார். திருமணம் ஆகாத தாயின் பிள்ளைக்கு இடமில்லை. அந்தப் பிள்ளை செய்த தவறு என்ன என்று இன்று கேட்கத் தோன்றுகிறது. பையன்கள் 14 வயதுவாக்கில் தொழில் பழகப் போனார்கள், பெண்கள் 17 வயதுவாக்கில் வீட்டு வேலைக்குப் போனார்கள். இதற்கும், ஏழைப் பிள்ளைகளுக்கு அளவுக்கு மீறிப் படிப்புக் கொடுக்கிறார் என்று அன்றைய முதலாளிகள் முணுமுணுத்தார்கள்.

1870-ல் மேரி இறந்தார். எழுபது வயதை ஒட்டி, 1875-லிருந்து பதினேழு ஆண்டுகள், இரண்டாம் மனைவி சூசன்னாவோடு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிரசங்கம் செய்துகொண்டு சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் பகுதி புத்தகத்தில் நீளமாக இருக்கிறது, எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை.

1898 மார்ச் 9 மாலை வழக்கம்போல ஜெபக் கூட்டத்தை நடத்திவிட்டு அறைக்குப் போனார். மறுநாள் காலை தேநீர் கொண்டுபோனவர் கதவைத் தட்டினார், பதில் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். வயது 92. இறுதி ஊர்வலத்தன்று பிரிஸ்டலில் தெருவெல்லாம் ஆட்கள்.

பிறகு கணக்குப் பார்த்தார்கள். அதுவரை அந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் பத்தாயிரத்துக்கு மேல். அவர் கைவழியாக அநாதை இல்லம், பள்ளிகள், வேதாகமம், ஹட்சன் டெய்லர் போன்ற மிஷனரிகள் என்று போன பணம் ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. அதோடு, பல ஆண்டுகளாக அறிக்கைகளில் ஒரு நன்கொடையாளர் பெயரில்லாமல் வந்துகொண்டிருந்தார். ஆண்டவரின் ஊழியன் ஒருவன், பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க விரும்புகிறவன் என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அது முல்லரே. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மக்கள் கொடுத்ததிலிருந்து அவர் இப்படித் திருப்பிக் கொடுத்தது 81,000 பவுண்டைத் தாண்டியது. அவர் விட்டுப்போன சொத்தை மதிப்பிட்டபோது புத்தகங்கள், நாற்காலி மேசை எல்லாம் சேர்த்து 170 பவுண்டு கூட வரவில்லை. அதில் ரொக்கம் சுமார் 60 பவுண்டு.

ஆஷ்லி டவுன் இல்லங்களை 1958-ல் விற்றுவிட்டார்கள், பிள்ளைகள் சிறு வீடுகளுக்கு மாறினார்கள். அந்தப் பெரிய கல் கட்டடங்கள் கல்லூரியாக மாறின. இப்போது அவற்றில் சிலவற்றை அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றிவிட்டார்கள். நம்மைப்போலவே அங்கேயும் குடும்பங்கள் இருக்கின்றன.